எஃகுக்குள் அடைபட்ட மனிதன்

மனிதனை மனிதனாக்குவது எது? உடலா, அறிவா, அல்லது அவ்விரண்டையும் ஆளும் வேறொன்றா? தத்துவ அறிஞர்களும் மார்க்க அறிஞர்களும் நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ள இவ்வினாவை, 2006ஆம் ஆண்டு பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஓர் அறிவியல் புனைகதை மிக எளிய முறையில் பொதுமக்கள் முன் வைத்தது. ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடரில் அவ்வாண்டு மே 13, 20 ஆகிய நாட்களில் இரு பகுதிகளாக வந்த அக்கதை, மனிதர்கள் இயந்திரங்களாக மாற்றப்படுவதைப் பற்றியது. குடும்பத்தார் கூடியிருந்து பார்க்கும் பொழுதுபோக்குத் தொடர்தானே என்று அதனை நாம் ஒதுக்கிவிட முடியாது.

பழனிக்குக் கிழக்கே, கொய்யாத் தோப்புகள் சூழ்ந்த ஆயக்குடியிலிருந்து அக்கதையை நோக்கும்போது, அது லண்டன் மாநகரைப் பற்றிய வெறுங்கற்பனையாக நமக்குத் தோன்றவில்லை. அது எழுப்பும் வினா, நாம் வாழும் திண்டுக்கல் சமவெளியின் நூற்பாலைகளையும் தொட்டுச் செல்கின்றது. எவ்வாறு என்பதனை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

கற்பனையின் பிறப்பு

பிபிசி நிறுவனம் ‘டாக்டர் ஹூ’ தொடரை 1963ஆம் ஆண்டு தொடங்கியது. 1989இல் நின்றுபோன அத்தொடர், 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. அதில் வரும் ‘சைபர்மேன்’ என்னும் எஃகு மனிதர்கள் 1966ஆம் ஆண்டு அக்டோபரில் முதன்முதலாகத் திரையில் தோன்றினர். அவர்களைப் படைத்த இருவருள் ஒருவரான கிட் பெட்லர் ஒரு மருத்துவ விஞ்ஞானி. லண்டன் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவ ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். மற்றவர் கெரி டேவிஸ் என்னும் தொலைக்காட்சி எழுத்தாளர்.

பழுதடைந்த உறுப்பை அகற்றி மாற்றுறுப்பைப் பொருத்தும் மருத்துவம் அக்காலத்தில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. இப்படியே ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டே சென்றால் இறுதியில் எஞ்சுபவன் மனிதன்தானா என்ற ஐயமே பெட்லரின் கற்பனைக்கு விதையாயிற்று. அவரது எஃகு மனிதர்கள் திரைக்கு வந்த மறு ஆண்டில், 1967 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் உலகின் முதலாவது இதய மாற்று அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. மனித உடலும் இயந்திரமும் இணைந்த உயிரியைக் குறிக்கும் ‘சைபோர்க்’ என்ற சொல்லோ அதற்கும் முன்னரே, 1960ஆம் ஆண்டில், விண்வெளிப் பயணத்தைக் கருத்திற்கொண்டு மான்ஃபிரட் கிளைன்ஸ், நேதன் கிளைன் ஆகிய இரு அறிஞர்களால் ஆக்கப்பட்டிருந்தது. அறிவியலின் நிழலாகவே அக்கற்பனை பிறந்தது எனலாம்.

கதைச் சுருக்கம்

டாம் மெக்ரே எழுதி, கிரேம் ஹார்ப்பர் இயக்கிய 2006ஆம் ஆண்டுக் கதை, நம் உலகை ஒத்த மற்றோர் உலகின் லண்டனில் நிகழ்கின்றது. அங்கே ஜான் லூமிக் என்னும் பெருஞ்செல்வந்தன் ஒரு மாபெரும் தொழில் நிறுவனத்தை நடத்துகின்றான். மரணத்தின் விளிம்பில் சக்கர நாற்காலியில் வாழும் அவன், மனித மூளையை எஃகு உடலுக்குள் பொருத்தினால் சாவை வென்றுவிடலாம் என்று நம்புகின்றான். நாட்டின் அதிபர் அத்திட்டத்தை அறநெறிக்கு மாறானது என மறுத்துவிடுகின்றார். அவனோ மறைவாக அதனை நிறைவேற்றத் தொடங்குகின்றான்.

அந்நகர மக்கள் தம் இரு காதுகளிலும் லூமிக்கின் நிறுவனம் விற்ற ஒரு கருவியை அணிந்திருக்கின்றனர். செய்தி, விளையாட்டு, வானிலை, பரிசுச்சீட்டு முடிவு ஆகிய அனைத்தும் அதன் வழியாக நேரே மூளைக்குள் இறங்குகின்றன. அவ்வேளையில் தெருவில் செல்வோர் அனைவரும் நின்ற இடத்திலேயே அசைவற்று நிற்கின்றனர். நகைச்சுவைத் துணுக்கு வரும்போது ஒரே நொடியில் சிரிக்கின்றனர். முடிந்ததும் எதுவும் நடவாததுபோல் நடையைத் தொடர்கின்றனர். அக்கருவியை எவரும் அவர்கள் மீது திணிக்கவில்லை. அவர்களே விரும்பி வாங்கி அணிந்தனர். பின்னர் அதே கருவியின் வழியாக அவர்களது மனம் அடக்கப்பட்டு, பேட்டர்சீ மின்நிலையத்தில் அமைந்த ஆலைக்கு அவர்கள் வரிசையாக நடத்திச் செல்லப்படுகின்றனர்.

ஆயினும் எஃகு உடலுக்கு முதலில் இரையானோர் கருவி அணிந்த அந்நகரத்தார் அல்லர். வீடற்றுத் தெருவில் கிடந்த ஏழைகள். உணவு தருவதாகக் கூறி வண்டியில் ஏற்றப்பட்ட அவர்களைத் தேட எவருமில்லை என்பதாலேயே அவர்கள் முதலில் தெரிவுசெய்யப்பட்டனர். வசதியுள்ளோர் சுகத்தின் வாயிலாகவும் வறியோர் பசியின் வாயிலாகவும் ஒரே ஆலைக்குள் புகுந்தனர் என்பது கதையாசிரியரின் கூர்மையான அவதானமாகும்.

இனிக் கதையின் உயிர்நாடிக்கு வருவோம். எஃகு மனிதன் ஒவ்வொருவனின் நெஞ்சுப் பகுதியிலும் உணர்ச்சியை அடக்கும் ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டுள்ளது. அஃது ஏன் தேவைப்பட்டது? மூளை உயிருடன் இருப்பதால், தனக்கு நேர்ந்ததை அது உணருமாயின் அவ்வேதனையை அதனால் தாங்க இயலாது. ஆகவே வேலை தடைபடாதிருக்க வேதனையை உணரும் ஆற்றலே நீக்கப்படுகின்றது.

ஓரிடத்தில் கதாநாயகனான டாக்டரும் அவருடன் வந்த பெண்மணியும் ஓர் எஃகு மனிதனை வீழ்த்துகின்றனர். அதன் அடக்கி பழுதடைந்ததும் உள்ளிருந்து ஒரு பெண்ணின் நினைவு மெல்ல விழிக்கின்றது. மறுநாள் அவளுக்குத் திருமணம். மணமகன் தன்னை இப்போது பார்த்துவிடலாகாதே என்று கவலைகொள்கின்றாள். தனக்குக் குளிர்கிறது என்கின்றாள். தான் எஃகாகிவிட்டதை அவள் அறியாள். இறுதியில் அனைவரது அடக்கிகளும் ஒருங்கே செயலிழக்கச் செய்யப்பட்டபோது, எஃகு மனிதர்கள் தம் நிலையை உணர்ந்து அலறி மடிகின்றனர். எஃகுடலை மற்றோர்க்கெல்லாம் வரமென விற்ற லூமிக், தனக்கு அதனை இறுதி மூச்சுவரை தள்ளிவைக்கவே விரும்பினான். அவனையும் அவனது படைப்புகளே வலிந்து மாற்றிவிட்டன.

உலோகத்தின் மீது குற்றமில்லை

இக்கதையைக் கண்டு, மனித உடலில் இயந்திரம் நுழைவதே தீது என்ற முடிவுக்கு வருவது பொருந்தாது. நபித்தோழர் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரழி) அவர்களின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. அறியாமைக் காலத்தில் நிகழ்ந்த குலாப் போரில் மூக்கை இழந்த அவர், வெள்ளியாலான மூக்கொன்றைப் பொருத்திக்கொண்டார். அதில் துர்நாற்றம் ஏற்படவே, தங்கத்தாலான மூக்கை அமைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குப் பணித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், இழந்த உறுப்பை ஈடுசெய்யும் தேவை அங்கு முதன்மை பெற்றது. ஃபிக்ஹ் அறிஞர்கள் மாற்றுறுப்புப் பற்றிய ஆய்வில் இச்செய்தியை ஆதாரமாகக் கொள்வர்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுகள் உள. காலிழந்தோரை நடக்கவைத்த ‘ஜெய்ப்பூர் கால்’ 1968ஆம் ஆண்டளவில் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி.கே. சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும் இணைந்து உருவாக்கியது. பிறவியிலேயே செவித்திறன் குன்றிய குழந்தைகளுக்கு உட்செவியில் ‘காக்ளியர்’ கருவி பொருத்தும் சிகிச்சையைத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏழை வீடுகளுக்கும் கொண்டுசேர்த்துள்ளது. லூமிக்கின் கருவியும் காதில்தான் அமைந்தது. காக்ளியர் கருவியும் காதில்தான் அமைகின்றது. பின்னது தாயின் குரலைக் குழந்தைக்குக் கேட்கச் செய்கின்றது. முன்னதோ பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேளாமற் செய்தது. எனவே ஒரு கருவியை மதிப்பிடும்போது, அஃது எதனால் ஆனது என்பதைவிட, நம்மைப் பிறரோடு இணைக்கின்றதா அன்றிப் பிரிக்கின்றதா என்று வினவுவதே பொருத்தமான அளவுகோலாகும்.

அறிஞர்களின் நோக்கில்

இவ்விடத்தில் நம் முன்னோரான அறிஞர்கள் இருவரின் சிந்தனை நமக்கு ஒளி தருகின்றது. கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா, ஒரு மனிதன் வெட்டவெளியில் மிதப்பதாகக் கற்பனை செய்யுமாறு கூறினார். அவன் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை. உறுப்புகள் ஒன்றையொன்று தொடவில்லை. காற்றின் தீண்டலும் இல்லை. அந்நிலையிலும் தான் இருப்பதை அவன் அறிவான் என்பது அவரது முடிவு. ‘நான்’ என்பது கை கால்களின் கூட்டுத்தொகையன்று என்பதனை நிறுவ அவர் இவ்வுவமையைக் கையாண்டார். உறுப்புகள் அனைத்தையும் இழந்த பின்னரும் எஃகுக்குள் அந்த மணப்பெண் தன்னைத் தானாகவே அறிந்தாள் என்ற காட்சியை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வுவமையின் தூரத்துச் சாயலாக நாம் காணலாம்.

கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் கல்ப், ரூஹ், நஃப்ஸ், அக்ல் ஆகிய நான்கு சொற்களை விரிவாக விளக்குகின்றார்கள். கல்ப் எனும் உள்ளம், மார்பினுள் துடிக்கும் தசைத்துண்டைக் குறிப்பதோடு, அறியவும் உணரவும் பொறுப்பேற்கவும் வல்ல நுண்பொருளையும் குறிக்கும். அவ்வுள்ளம் அரசன், கை, கால், கண், செவி யாவும் அவனது படைகள். இவ்விளக்கத்தின்படி நோக்கினால் லூமிக்கின் பிழை தெளிவாகின்றது. படைகளை எஃகால் வலுப்படுத்திய அவன், அரசனைச் சிறையிட்டுவிட்டான். உணர்ச்சியை நீக்கினால் தூய அறிவு எஞ்சும் என அவன் கருதினான். எஞ்சியதோ கட்டளைக்குக் காத்திருக்கும் கருவி மட்டுமே.

உணர்ச்சி அறிவிற்குப் பகையன்று. அதுவும் அறிதலின் ஒரு வழியே. ஆயக்குடித் தோப்பில் கொய்யா பறிப்பவர் காயின் பதத்தை நிறத்தாலும் விரல் நுனியின் தீண்டலாலும் அறிகின்றார். அழுத்திப் பிடித்தால் கனி கன்றிவிடும் என்பது அவர் கைக்குத் தெரியும். நம் உடலில் எங்கு தீங்கு நேர்ந்துள்ளது என்பதை வலி நமக்கு அறிவிப்பதுபோல், சமுதாயத்தில் எங்கு தீங்கு நேர்ந்துள்ளது என்பதை இரக்கமும் வெட்கமும் அறிவிக்கின்றன.

தமிழ்க் கற்பனையின் எதிர்த்திசை

தமிழில் இத்துறையில் புகழ்பெற்ற கதைகள் பெரும்பாலும் எதிர்த்திசையில் பயணித்துள்ளன. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூர்தர்ஷனிலும் ஒளிபரப்பான சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில், சுருங்கிய பெயர்களாலும் எண்களாலும் குடிமக்கள் அடையாளப்படுத்தப்படும் ஒரு சர்வாதிகார ஆட்சி சித்திரிக்கப்படுகின்றது. அங்கே ஜீனோ என்னும் இயந்திர நாய் தானாகச் சிந்திக்கத் தொடங்கி, நிலா என்னும் பெண்ணுக்குத் துணைநிற்கின்றது. மனிதர்கள் எண்களாகச் சுருங்கிய இடத்தில் இயந்திரம் மனிதப் பண்பை எட்டுகின்றது.

2010இல் வெளியான ‘எந்திரன்’ திரைப்படத்தில், தீ விபத்தொன்றில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி என்னும் இயந்திரம் காப்பாற்றி, ஆடையற்ற நிலையில் பலர் முன் கொண்டுவந்து நிறுத்துகின்றது. நாணம் தாளாமல் ஓடிய அப்பெண் வாகனத்தில் அடிபட்டு இறக்கின்றாள். உயிரைக் காத்த இயந்திரத்திற்கு ‘ஹயா’ எனும் நாண உணர்வு புரியவில்லை. உணர்வற்ற உதவியும் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதைக் கண்ட பின்னரே, அதனைப் படைத்தவர் அதற்கு உணர்ச்சியைக் கற்பிக்க முனைகின்றார். பிரித்தானியக் கதையும் தமிழ்க் கதைகளும் எதிரெதிர் வழியே வந்து ஒரே இடத்தில் சந்திக்கின்றன: பிறர் வலியை உணர்வதே மனிதனின் அடையாளம்.

நம் சமவெளியின் நூற்பாலைகள்

‘ரோபோ’ என்ற சொல்லின் வரலாறு நம்மை மற்றோர் உண்மைக்கு இட்டுச் செல்கின்றது. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் எழுதிய ஒரு நாடகத்தின் வழியாக அச்சொல் உலக மொழிகளில் பரவியது. அதன் வேர்ச்சொல் பண்ணையடிமைகள் செய்த கட்டாய உழைப்பைக் குறிப்பது. ஆக, இயந்திரத்திற்கு இட்ட பெயரே கொத்தடிமை மனிதனிடமிருந்து பெறப்பட்டதாகும். எஃகு உடல் இல்லாமலேயே மனிதனை இயந்திரமாக்க முடியும் என்பதனை அச்சொல் தன்னுள் அடக்கி வைத்துள்ளது.

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரங்களில் நூற்பாலைகள் பெருகியபோது, மழை பொய்த்த மானாவாரிக் கிராமங்களின் பல குடும்பங்களுக்கு அவை வாழ்வளித்தன. வீட்டைவிட்டு வெளிவந்து கூலி ஈட்டிய பெண்களுக்கு அதனால் மதிப்பும் கூடியது. இந்நன்மையை மறைப்பது நீதியாகாது. ஆயினும் அதே ஆலைகளுட் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’, ‘திருமகள் திருமணத் திட்டம்’ முதலிய பெயர்களில் ஒரு முறை வழங்கிவந்தது. ஏழைக் குடும்பத்து இளம்பெண்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆலை விடுதியிலேயே தங்கி வேலைசெய்ய வேண்டும். முடிவில் திருமணச் செலவிற்கெனச் சில பத்தாயிரம் ரூபாய் மொத்தமாகத் தரப்படும். நீண்ட வேலை நேரம், விடுதியைவிட்டு வெளியேறத் தடை, பஞ்சுத் தூசியால் நோய், இடையில் விலகினால் தொகை கிட்டாமை ஆகியவற்றை நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு நிறுவனமும் இந்தியாவிற்கான நெதர்லாந்துக் குழுவும் 2011இல் வெளியிட்ட அறிக்கை ஆவணப்படுத்தியது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் அவரது கூலியைக் கொடுத்துவிடுமாறு பணிக்கும் நபிமொழியை அறிந்த நமக்கு, கூலியின் ஒரு பகுதியை மூன்றாண்டுகள் நிறுத்திவைக்கும் முறையைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை. லண்டன் தெருவில் உணவைக் காட்டி ஏழைகளை அழைத்த வண்டியும், திருமணத் தொகையைக் காட்டிப் பெண்களை அழைத்த இத்திட்டமும் பசி திறந்துவிட்ட ஒரே வாயிலில்தான் வந்து நின்றன.

அக்கதையில் வரும் உணர்ச்சி அடக்கியை நாம் கற்பனை எனக் கருதலாம். ஆனால் 2019ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியிட்ட செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்தது. தமிழகத்து ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலியால் துன்புற்ற பெண்களுக்கு, ஓய்விற்குப் பதிலாக, பெயர் குறிப்பிடப்படாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கொடுத்துவந்தனர் என்பதே அச்செய்தி. மருத்துவரும் இல்லை, மருந்தின் பெயரும் இல்லை. இயந்திரம் நிற்கலாகாது; ஆகவே வலி நிற்கவேண்டும். லூமிக்கின் ஆலையில் நிலவிய தர்க்கமும் இதுவேயன்றோ? அங்கு நெஞ்சில் பொருத்தப்பட்டது, இங்கு உள்ளங்கையில் வைக்கப்பட்டது என்பதே வேறுபாடு.

இங்கு நாம் ஆழ்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. மாத்திரையை விழுங்கிய பெண்ணின் வலி சில மணி நேரம் மரத்துப்போனது. ஆனால் அதனைக் கொடுத்த கையும், கணக்கில் எழுதாத அலுவலரும், விலை குறைந்த ஆடையை மகிழ்ந்து வாங்கும் நாமும் அவ்வலியை உணராதிருந்தோமே, நமக்கு அடக்கியைப் பொருத்தியவர் யார்? அப்பெண்ணோ எஃகாகவில்லை, வலிக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கேளாதிருந்தோரே இயந்திரங்களுக்கு அண்மையில் நின்றோர். எஃகு மனிதன் செய்த கொலைக்கு அவனிடம் கணக்குக் கேட்க இயலாது. ஏனெனில் உணரும் ஆற்றல் அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. நம்மிடமிருந்து எவரும் அதனைப் பறிக்கவில்லை. உள்ளம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று நம்பும் நாம், அதைப் பற்றிக் கேட்கப்படுவோம் என்பதையும் நம்புகின்றோம்.

செவிசாய்ப்பதற்கு ஓர் ஏற்பாடு

இந்நிலை மாற்ற முடியாத விதியன்று என்பதற்கும் நம் மாவட்டமே சான்றளிக்கின்றது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் கொலைசெய்யப்பட்டார். அவ்வழக்கில் அவருடைய மேற்பார்வையாளரே கைதுசெய்யப்பட்டார். அத்துயரத்தின் பின், பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தொடர்ந்து போராடியது. அதன் விளைவாக 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ உருவாயிற்று. ஆலை நிர்வாகமும் சங்கமும் செய்துகொண்ட அவ்வொப்பந்தத்திற்கு, அங்கிருந்து ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களும் தனி உடன்படிக்கைகளின் வழி கட்டுப்பட்டன. பாலியல் தொல்லைக்கும் சாதிப் பாகுபாட்டிற்கும் எதிரான காப்பு அதன் மையமாகும்.

அவ்வொப்பந்தத்தின் ஒரு விதி நம் ஆய்விற்கு மிக நெருக்கமானது. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற அளவில், தொழிலாளர்களிடையிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தெரிவுசெய்யப்பட்டுப் பயிற்றுவிக்கப்பட்டனர். அவர்களது பணி, உடன் பணிபுரிவோருக்கு நேரும் தொல்லையைக் கேட்டறிந்து உரியவர்களிடம் முறையிடுவதாகும். அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஒருத்தி தன் வலியைச் சொல்வதற்கும் மற்றொருத்தி அதனைக் கேட்பதற்கும் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது, அவ்வளவே.

நம் பகுதிப் பெற்றோர் தம் மகளை ஆலைப் பணிக்கு அனுப்புமுன் விடுதியின் நிலை, கூலி வழங்கும் முறை, முறையிடுவதற்கான குழு ஆகியவற்றைக் கேட்டறிவது கடமையாகும். ஆலை நடத்தும் செல்வந்தரும், ஜமாஅத்தின் பொறுப்பாளரும், ஆடை வாங்கும் நாமும் அவரவர் அளவில் இக்கடமையில் பங்குடையோரே. எஃகுக்குள்ளிருந்து தனக்குக் குளிர்கிறது என்று அம்மணப்பெண் சொன்னபோது, அதனைக் கேட்க அவளருகில் இருவர் இருந்தனர்; ஆயினும் அவளைக் காக்கும் காலம் கடந்துவிட்டிருந்தது. நம் சமவெளியின் ஆலைகளில் வேலைசெய்யும் பெண்களைப் பொறுத்தவரை அக்காலம் இன்னும் கடந்துவிடவில்லை.